முதலில் லைட் போடுங்கள், மகன்

அன்பு மகன்,

நீ அனுப்பிய வொய்ஸ் மெசேஜ் கேட்டேன். டொரொண்டோவில் இருக்கிற பழைய மாணவர்கள் எல்லாரும் சேர்ந்து பள்ளிக்கூடத்துக்கு ஒரு எலெக்ட்ரோனிக் ஸ்கோர்போர்ட் வாங்கிக் கொடுக்க யோசிக்கிறீர்கள், அம்மா என்ன நினைக்கிறா என்று கேட்டிருந்தாய். போனில் சொல்லப் போனால் பாதியில் பிள்ளைகள் கூப்பிடுவார்கள், நீயும் ‘ஓம், ஓம்’ என்று வைத்துவிடுவாய். அதுதான் எழுதுகிறேன். ஆறுதலாக இருந்து வாசி. வாசித்துவிட்டு மற்றவர்களுக்கும் அனுப்பு.

போன சனிக்கிழமை பின்னேரம் 20 வயதுக்குட்பட்ட ஆண்களுக்கான கூடைப்பந்து அரையிறுதி நடந்தது. தோற்றால் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். நம்முடைய பள்ளிக்கூடமும் வெளியூர்ப் பள்ளிக்கூடம் ஒன்றும். நான் படிப்பித்த காலத்தில் மட்ச் என்றால் மேசையில் இருந்து ஸ்கோர் ஷீட் எழுதுவது நான்தான் என்று உனக்குத் தெரியும். இப்போது அந்த வேலையை ஒரு பிள்ளை செய்கிறாள், உயர்தரம் படிக்கிறவளாம். அவளுக்குப் பின்னால் ஒரு கதிரை போட்டுத் தந்தார்கள். முதலாம் மூன்றாம் கால்பகுதிக்குச் சிவப்புப் பேனா, இரண்டாம் நான்காம் கால்பகுதிக்கு நீலம். பந்து விழுந்தால் சாய்கோடு, ஃபவுலுக்குக் கிடைக்கிற ஃப்ரீ த்ரோ என்றால் நிரப்பின புள்ளி, மூன்று புள்ளி எறிந்தவனின் இலக்கத்தைச் சுற்றி ஒரு வட்டம். ஒன்றும் தவறாமல் எழுதினாள். எனக்கு நல்ல சந்தோசம்.

நம்முடைய அணியில் 7ஆம் இலக்கக்காரனைப் பற்றித்தான் சொல்ல வேண்டும். வாவிக்கு அந்தப் பக்கம், படுவான்கரைப் பொடியன். மண்முனைப் பாலம் திறந்த பிறகு பஸ் நேராக வருகிறது, முந்தி மாதிரி வாவியைக் கடக்கிற மிதவைப் பாதைக்குக் காத்துக் கிடக்கத் தேவையில்லை. அவ்வளவு உயரம் இல்லை. இரண்டு விரல்களைச் சேர்த்துப் பிளாஸ்டர் சுற்றியிருந்தான். சப்பாத்தின் அடி தேய்ந்து வழுவழு என்று இருந்தது. ஒவ்வொரு முறை விசில் ஊதும்போதும் உள்ளங்கையால் அடியைத் துடைத்துக்கொண்டே இருந்தான், சீமெந்துத் தரையில் தூசு பட்டால் வழுக்கும் அல்லவா. பந்து கையில் இருக்கும்போது அவன் பந்தைப் பார்ப்பதே இல்லை. எதிரில் நிற்கிறவனின் இடுப்பைப் பார்க்கிறான். தலையாலும் கையாலும் ஆளை ஏமாற்றலாம், இடுப்பு போகிற பக்கம்தான் ஆளும் போவான் என்று நீ ஒரு காலத்தில் தம்பிக்குச் சொல்லிக் கொடுத்ததை இவன் யாரிடம் படித்தானோ.

அவனுக்குக் காவலாக எதிரணியில் ஒரு 5ஆம் இலக்கக்காரன். அவனையும் நான் மெச்சுகிறேன், மகன். புள்ளி எடுக்கிறவனுக்குத்தான் எல்லாரும் கை தட்டுவார்கள். இந்தப் பொடியன் மட்ச் முழுக்கப் பின்காலில் தாவித் தாவி 7க்கு முன்னாலேயே நின்றான். கையை நீட்டிப் பறிக்கப் போகவில்லை. அவசரப்படவில்லை. முழங்காலை மடக்கி, முதுகை நேராக வைத்து, நாற்பது நிமிடம் அப்படி நிற்பது எவ்வளவு கஷ்டம் என்று விளையாடின உனக்குத் தெரியும்.

கடைசிக் கால்பகுதியில் நான்கு நிமிடம் இருக்கும்போது 52க்கு 43, நாங்கள்தான் பின்னால். நம்முடைய 7க்கு நான்கு ஃபவுல். இன்னும் ஒன்று என்றால் வெளியே. வாங்கில் உட்கார வைப்பார்கள் என்று நினைத்தேன். கோச் வைக்கவில்லை, அது சரியான முடிவு. முழு மைதானத்துக்கும் பிரஸ் பண்ண, அதாவது எதிரணியை எல்லா இடத்திலும் நெருக்கி மறிக்கச் சொன்னார். முதலில் 7 மூன்று புள்ளிக் கோட்டுக்கு வெளியே நின்று ஒரு மூன்று. அடுத்ததாக எறிந்த பந்தை இடையில் பறித்து, தானே ஓடிப் போடாமல், பின்னால் வந்த 13க்குத் தரையில் தட்டிக் கொடுத்தான், அவன் வளையத்துக்குக் கிட்டப் போய் லே-அப் போட்டான். எதிரணி ஒன்று போட்டது, 54க்கு 48.

பிறகு நடந்ததுதான் என் கண்ணுக்குள் நிற்கிறது. 7 நடுவால் வெட்டிக்கொண்டு போனான். இரண்டு பேர் அவன் மேல் பாய்ந்தார்கள். அவன் எகிறி, எறிவது மாதிரிக் கையைத் தூக்கி, காற்றில் இருந்தபடியே இடது பக்க மூலைக்குப் பந்தை விட்டான். அந்த மூலையில் ஆளே இல்லை என்று நான் நினைத்தேன். பந்து போய்ச் சேரும்போது அங்கே 10 வந்து நிற்கிறான்! அன்றைக்கு முக்கால்வாசி நேரம் வாங்கில் இருந்த சின்னப் பொடியன். மூன்று புள்ளி. முன்னால் இருந்த பிள்ளை அந்த இலக்கத்தைச் சுற்றி வட்டம் போடும்போது அவளுக்குக் கை நடுங்கியது. அப்புறம் விழாமல் திரும்பி வந்த ஒரு பந்தை 13 எடுத்துத் திரும்பப் போட்டு, 54க்கு 53.

31 செக்கன் இருக்கிறது, பந்து அவர்களுடையது. 24 செக்கனுக்குள் எறிந்தாக வேண்டும். எறிந்தார்கள், வளையத்தில் பட்டு வெளியே வந்தது. 13 எடுத்து 7க்குக் கொடுத்தான். 28 மீட்டர் மைதானத்தை அந்தப் பிள்ளை ஓடின வேகத்துக்கு மதிலில் இருந்த சனம் எல்லாம் எழும்பி நின்றது. வளையத்துக்குக் கிட்டப் போய் எகிறினான். முன்னால் 5. மோதல். விசில்.

எங்கள் பக்கம் எல்லாரும் ஃப்ரீ த்ரோ என்று துள்ளினார்கள். இல்லை. நடுவர் பொத்திய கையால் மற்ற உள்ளங்கையில் குத்திக் காட்டினார், ஃபவுல் பந்து வைத்திருந்தவனுக்கு. அது சரியான விசில், மகன். 5 இரண்டு காலையும் ஊன்றி, நெஞ்சைக் காட்டி, 7 எகிறுவதற்கு முன்னமே அந்த இடத்தில் வந்து நின்றுவிட்டான். எனக்கு நெஞ்சு உடைந்தாலும் நான் பார்த்தது அதுதான். 7க்கு அது ஐந்தாவது. இரண்டு செக்கன் மிச்சம். அவன் நடுவருடன் ஒரு வார்த்தை கதைக்கவில்லை. கையை உயர்த்தினான், விழுந்து கிடந்த 5க்குக் கை கொடுத்துத் தூக்கிவிட்டான், வாங்கில் போய்த் துவாயைத் தலையில் போட்டுக்கொண்டு இருந்தான்.

மட்ச் முடிந்து நான் கிட்டப் போனேன். நல்லா விளையாடினாய், இனி எப்போது மட்ச் என்று கேட்டேன். “இனி எங்க டீச்சர் விளையாடுற? இதுதான் கடைசி” என்றான். இந்த வருடம் உயர்தரம் எடுக்கிறான். அடுத்த வருடம் 20 வயதுப் பிரிவிலும் அவனுக்கு இடமில்லை.

மகன், நான் எழுத உட்கார்ந்ததே இதற்காகத்தான்.

அவ்வளவு திறமை உள்ள பிள்ளைக்குப் பத்தொன்பது வயதில் விளையாட்டு முடிகிறது. காயம் பட்டு இல்லை, ஆசை விட்டுப் போய் இல்லை. விளையாட இடம் இல்லாமல். நீ கனடாவில் பார்க்கிறாய், நல்லா விளையாடுகிற பிள்ளைக்கு ஹைஸ்கூலுக்குப் பிறகு கொலேஜ் அணி இருக்கிறது, ஸ்கொலர்ஷிப் இருக்கிறது. இங்கே பெரியவர்கள் விளையாடுகிற நல்ல அணி என்றால் முப்படைகளும் கொழும்புக் கிளப்புகளும் கொம்பனிகளும்தான். படுவான்கரைப் பொடியன் ஒருவன் கொழும்பில் அறை எடுத்துத் தங்கி விளையாடுவதற்கு வீட்டில் யாரிடம் காசு இருக்கிறது?

உன்னையே எடு. கோபிக்காதே, நீ அந்த 7 அளவுக்கு விளையாடினவன் இல்லை. நல்ல விளையாட்டுக்காரன்தான், ஆனால் அந்த அளவு இல்லை. இருந்தும் நாற்பது வயதில், வெளியே பனி கொட்டும்போது, ஞாயிற்றுக்கிழமைகளில் சூடாக்கின உள்ளரங்கில் போய் விளையாடிவிட்டு எனக்குப் படம் அனுப்புகிறாய். அந்தப் படங்களைப் பார்க்க எனக்கு எவ்வளவு ஆசை. அதே ஆசை இந்தப் பிள்ளைகளின் தாய்மாருக்கும் இருக்கும்தானே.

மட்டக்களப்புக்கு இந்த விளையாட்டைப் பழக்கினவர்கள் இதை யோசித்தவர்கள். அமெரிக்காவில் நியூ ஓர்லியன்ஸ் பக்கத்திலிருந்து வந்த இயேசு சபைக் குருமார் இங்கேயும் திருகோணமலையிலும் பிள்ளைகளின் கையில் பந்தைக் கொடுத்தார்கள். இங்கே இருக்கிற வெபர் மைதானத்துக்குப் பேர் அவர்களில் ஒருவரான வெபர் பாதரால் வந்ததுதான். லூசியானாக்காரரான ஹெபர்ட் பாதர் புனித மிக்கேல் கல்லூரியில் கூடைப்பந்து பழக்கினார். அதோடு நிற்காமல், பள்ளிக்கூடத்தை விட்டு வெளியே வரும் பொடியன்மார் கையில் ஒரு தொழில் இருக்க வேண்டும் என்று கிழக்குத் தொழில்நுட்ப நிறுவனத்தையும் நடத்தினார். 1990 ஆகஸ்ட் 15ஆம் திகதி வாழைச்சேனையிலிருந்து மட்டக்களப்புக்குத் திரும்பி வரும் வழியில், கூட வந்த இளைஞனோடு சேர்த்துக் காணாமல் போனார். இன்றைக்கும் பழைய ஆட்கள் கூடைப்பந்து என்று கதைக்கத் தொடங்கினால் அவருடைய பேரில்தான் வந்து நிற்பார்கள். பள்ளிக்கூடத்தில் இருக்கும்போது பந்தும், பிறகு தொழிலும் என்று அவர் பார்த்துப் பார்த்துச் செய்தார். நாம் பிறகு என்ற பக்கத்தையே விட்டுவிட்டோம்.

சரி, இப்போது ஸ்கோர்போர்ட் விசயம். வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் அது வருடத்தில் சில மட்சுகளுக்குத்தான் எரியும். மற்ற நாளெல்லாம் உறை போட்டுப் பூட்டி வைப்பார்கள், கடல் உப்புக் காற்றில் உள்ளே இருக்கிற வயரெல்லாம் கறள் பிடிக்கும். ஸ்கோர் எழுத எங்களிடம் அந்தப் பிள்ளை இருக்கிறாள், கையால் இலக்கம் திருப்புகிற பலகையும் இருக்கிறது.

முதலில் லைட் போடுங்கள்.

ஏன் என்று சொல்கிறேன். இங்கே ஆறரைக்கெல்லாம் இருட்டிவிடும். மூன்று நான்கு மணிக்கு அந்தச் சீமெந்தில் கால் வைக்க முடியாது. படிக்கிறவனுக்கு அந்த நேரம் ரியூசன். படிப்பை விட்டவன் கடையிலோ, மேசன் வேலையிலோ, தோணியிலோ இருப்பான். எல்லாருக்கும் கை ஓய்கிற நேரம் ஏழு மணிக்குப் பிறகுதான். அந்த நேரத்தில் மைதானம் இருட்டிக் கிடக்கிறது. லைட் இருந்தால் பள்ளிக்கூடம் விட்டவர்களும் வருவார்கள், இப்போது படிக்கிற பிள்ளைகளுக்கும் பெரியவர்களோடு விளையாடப் பழக்கம் வரும். இந்த 5ஐயும் 7ஐயும் போன்ற பிள்ளைகள் நான்கைந்து ஊரில் இருக்கிறார்கள். கிழமைக்கு இரண்டு இரவு கூடினால் போதும், அடுத்த வருடம் ஊருக்குள்ளேயே ஒரு லீக் நடத்தலாம்.

மின்சார வேலை தெரிந்த ஒருவரைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினேன். கம்பங்களை வளையத்துக்குப் பின்னால் நடக் கூடாதாம், எறிகிறவனுக்குக் கண் கூசும். இரண்டு நீளப் பக்கமும் நட வேண்டும் என்றார். எல்.ஈ.டி. போட்டால் கரண்ட் மிச்சம். கம்பத்துக்குத் துரு பிடிக்காத பூச்சுப் பூசியது வேண்டும், இதில் மலிவு பார்க்கக் கூடாது. செலவை எழுதித் தருவதாகச் சொல்லியிருக்கிறார், வந்ததும் படம் எடுத்து அனுப்புகிறேன்.

இன்னொன்று. லைட்டைப் போட்டுத் திறப்புவிழா வைத்துவிட்டுப் போய்விடாதீர்கள். கரண்ட் பில் மாதா மாதம் வரும், அதைப் பள்ளிக்கூடம் கட்டாது. சேர்க்கிற காசில் ஒரு பங்கை வங்கியில் போட்டு, அந்த வட்டியில் பில் கட்டுகிற மாதிரிச் செய்யுங்கள். கேற் திறக்க, பூட்ட ஒரு பொறுப்பான ஆள் வேண்டும், அவருக்கும் ஏதாவது கொடுக்க வேண்டும். பந்தும் கவனம்: சீமெந்தில் தோல் பந்து ஒரு பருவம் தாங்காது, ரப்பர் பந்தே அனுப்புங்கள். மாரி மழை தொடங்கினால் இரண்டு மூன்று மாதம் ஒன்றும் செய்ய முடியாது, ஆகவே வேலையை அதற்கு முன்னம் முடிக்கப் பாருங்கள்.

பெண் பிள்ளைகளுக்கும் ஒரு இரவு ஒதுக்க வேண்டும் என்று எழுத்தில் போடு. இது நான் கேட்கிறது. பள்ளிக்கூடத்தில் நல்லா விளையாடின பெண்கள் எத்தனை பேர் என்னிடம் படித்தார்கள், கலியாணம் முடித்த பிறகு பந்தைத் தொட்டதே இல்லை. பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வரட்டும், நான் பார்த்துக்கொள்கிறேன்.

பழைய மாணவர்களில் சிலபேர் ஸ்கோர்போர்டில் பேர் பொறிக்கலாம் என்று ஆசைப்படுவார்கள், அது எனக்கும் விளங்குகிறது. கம்பத்தின் அடியில் ஒரு தகட்டில் எல்லார் பேரையும் பொறிப்போம், நானே நின்று செய்விக்கிறேன்.

அந்த 7ஆம் இலக்கப் பொடியனின் போன் நம்பரை வாங்கி வைத்திருக்கிறேன். சோதனை முடியும் வரை தொந்தரவு செய்யப் போவதில்லை. முடிந்ததும் கூப்பிட்டுச் சொல்ல எனக்கு ஏதாவது வேண்டும். ஞாயிற்றுக்கிழமை நீங்கள் கூடும்போது இதைக் கதைத்துவிட்டு, ஓமா இல்லையா என்று அன்றைக்கே எனக்கு எழுது.

மருமகளையும் பிள்ளைகளையும் கேட்டதாகச் சொல்லு. சின்னவனுக்கு இருமல் எப்படி?

அன்புடன்,
அம்மா
மட்டக்களப்பு