வால்கிரியைப் பார்க்க உதவியவர்களுக்கு நன்றி

அன்புள்ள பெற்றோர்களுக்கும் ஆசிரியர்களுக்கும் டேட்டன் அருங்காட்சியகத் தன்னார்வலர்களுக்கும்,

கொலம்பஸ் நகரத் தமிழ்ப்பிள்ளைகளை டேட்டனுக்குக் கூட்டிப்போய், அமெரிக்க விமானப்படை தேசிய அருங்காட்சியகத்தில் எக்ஸ்பி-70 வால்கிரி என்ற அந்தக்காலச் சோதனைக் குண்டுவீச்சு விமானத்தைக் காட்டிவிட்டு வந்தோம். படங்களைக் குழுவில் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். யார் யார் கை கொடுத்தார்கள் என்பது படத்தில் தெரியாதே, அதற்குத்தான் இந்த மடல்.

முதலில் கார் ஓட்டியவர்கள். வாடகைக்குப் பேசி வைத்திருந்த பேருந்து நிறுவனம் முந்தின நாள் சாயங்காலம் கையை விரித்துவிட்டது. இரவு வாட்ஸ்அப்பில் தயங்கித் தயங்கித்தான் கேட்டேன். காலையில் பள்ளி வாசலுக்கு வந்தால் தேவைக்கு மேலேயே கார்கள் நிற்கின்றன. இரவுப்பணி முடித்துத் தூங்காமல் வந்த அப்பா ஒருவரை ஓட்ட வேண்டாம் என்று தடுக்க வேண்டியதாயிற்று. அருங்காட்சியகத்தில் நுழைவுக் கட்டணம் இல்லை, வண்டி நிறுத்தவும் காசு இல்லை. அதனால் பெட்ரோல் செலவோடு போயிற்று. அதையும் யாரும் வாங்கிக்கொள்ளவில்லை.

புளிசாதம், உருளை வறுவல் கொண்டுவந்த அக்காமார்களுக்கு வயிறார நன்றி. கார் டிக்கியைத் திறந்து வைத்துப் பரிமாறியதைப் பக்கத்துக் காரில் வந்த ஒரு குடும்பம் பார்த்துக்கொண்டே நின்றது. அவர்களுக்கும் இரண்டு தட்டு போயிற்று.

இனி, நான் அதிகம் கடன்பட்டிருக்கும் மனிதருக்கு வருகிறேன். நான்காம் கட்டடத்தில் எங்களோடு நடந்த தன்னார்வலர், ஓய்வுபெற்ற விமான மெக்கானிக். வந்ததும் வேகத்தையும் உயரத்தையும் அடுக்குவார் என்று நினைத்தேன். அவரோ பிள்ளைகளைச் சக்கரத்துக்குப் பக்கத்தில் உட்கார வைத்து, இந்த விமானம் எங்கெங்கே சொதப்பியது என்று ஆரம்பித்தார். 1964 செப்டம்பர் 21, முதல் பறப்பு. சக்கரங்கள் சரியாக உள்ளே மடங்கவில்லை, ஓர் எஞ்சினை நிறுத்த வேண்டி வந்தது, இறங்கும்போது இடப்பக்கச் சக்கரங்கள் பிடித்துக்கொண்டு டயர் வெடித்துத் தீப்பிடித்தது. அடுத்த ஆண்டு அக்டோபரில் ஒலியைப் போல மூன்று மடங்கு வேகத்தை, அதாவது மேக் 3-ஐ, முதல்முறை தொட்ட அன்றைக்கே இடது இறக்கையின் முன்விளிம்பில் சுமார் இரண்டு அடித் துண்டு பிய்த்துக்கொண்டு போனது. தேன்கூடு மாதிரி அறை அறையாக உள்ள எஃகுத் தகடுகளை ஒட்டிச் செய்த உடம்பு அது. ஒட்டு விட்ட இடத்தில் காற்று உரித்துவிட்டது. அதற்குப் பிறகு மேக் 2.5-ஐத் தாண்ட வேண்டாம் என்று கட்டுப்பாடு வைத்துவிட்டார்கள்.

பெரிய நான்கு சக்கரங்களுக்கு நடுவே குட்டியாக ஐந்தாவது ஒன்று இருப்பதைக் காட்டி, "இது எதுக்கு?" என்று கேட்டார். யாருக்கும் தெரியவில்லை. பிரேக் போடும்போது பெரிய சக்கரங்கள் சறுக்குகின்றனவா என்று வேகத்தை ஒப்பிட்டுப் பார்ப்பதற்காம். விமானம் 185 அடிக்கு மேல் நீளம், ஆனால் எங்கள் பிள்ளைகள் வரைந்துவந்த படங்களில் பாதிக்கு மேல் அந்தக் குட்டிச் சக்கரம்தான்!

இரண்டாவது வால்கிரியைப் பற்றியும் அவர்தான் சொன்னார். முதல் விமானத்தில் கற்ற பாடத்தையெல்லாம் வைத்துச் செய்தது அது. 1966 மே மாதம் அரை மணி நேரத்துக்கும் மேலாக மேக் 3-இல் பறந்தது. அடுத்த மாதம் 8-ஆம் தேதி, எஞ்சின் கம்பெனிக்காக விளம்பரப் படம் எடுக்க ஐந்து விமானங்கள் நெருங்கிப் பறந்தபோது, ஜோ வாக்கர் ஓட்டிய எஃப்-104 போர் விமானம் வால்கிரியில் மோதியது. வாக்கரும், வால்கிரியின் துணை விமானி கார்ல் கிராஸும் இறந்தார்கள். வால்கிரியின் விமானி ஆல் ஒயிட் மட்டும் காயத்தோடு தப்பினார். ஒரு புகைப்படத்துக்காக என்று சொல்லும்போது பெரியவர் குரலில் இருந்த கோபம் இன்னும் தணியவில்லை. ஆக, நாங்கள் பார்த்தது குறை நிறைந்த மூத்ததைத்தான். அது நாசாவின் ஆராய்ச்சிக்குப் பறந்துவிட்டு, 1969 பிப்ரவரி 4 அன்று தானே டேட்டனுக்குப் பறந்து வந்து சேர்ந்தது.

மதுரையிலிருந்து வந்திருக்கும் பாட்டிக்குச் சக்கர நாற்காலி கொடுத்து உதவிய வரவேற்பு மேசைக்காரர்களுக்கும் நன்றி. அவர் வராமல் போயிருந்தால் அன்றைய நல்ல கேள்வி கிடைத்திருக்காது. "இவ்வளவு பாடுபட்டுச் செஞ்சுட்டு ஏம்ப்பா ரெண்டோட நிறுத்திட்டாங்க?" ஏழாம் நிலை மாணவி ஒருத்தி அதை ஆங்கிலத்தில் கேட்டு, பதிலைத் தமிழில் சொன்னாள். உயரமும் வேகமும் இருந்தால் யாராலும் சுட முடியாது என்று நம்பி வரைந்த அணுகுண்டு விமானம் இது. 1960 மே மாதம் உயரத்தில் பறந்த அமெரிக்க உளவு விமானம் யூ-2-வைச் சோவியத் ஏவுகணை வீழ்த்தியதும் அந்த நம்பிக்கை ஆட்டம் கண்டது. கண்டம் விட்டுக் கண்டம் பாயும் ஏவுகணைகளும் வந்துவிட்டன. 1961 மார்ச்சில் அதிபர் கென்னடி இதை வெறும் ஆராய்ச்சி விமானமாகச் சுருக்கிவிட்டார். பாட்டி யோசித்துவிட்டுச் சொன்னார்: "அப்ப பொறக்கறதுக்கு முன்னாடியே வேலை போயிருச்சு." மாணவி இதையும் மொழிபெயர்க்க, பெரியவர் விழுந்து விழுந்து சிரித்தார்.

குண்டு போடும் விமானத்தைப் பார்க்கவா பிள்ளைகளைக் கூட்டிப்போவது என்று முன்கூட்டியே கேட்ட தாய்க்கும் நன்றி. நியாயமான கேள்வி. அதனால்தான் ஆசிரியை கொடுத்த தாளின் முதல் பத்தியிலேயே, இது எதற்காகச் செய்யப்பட்டது என்பதை மழுப்பாமல் எழுதச் சொன்னேன். போரில் ஒரு குண்டும் போடாத விமானம்தான், ஆனால் போடுவதற்காக வரைந்தது.

கென்னடியின் உடலைச் சுமந்து வந்த, அவருக்குப் பின் ஜான்சன் அதிபராகப் பதவியேற்ற விமானமும் அதே கட்டடத்தில் இருக்கிறது, உள்ளே நடந்தும் போகலாம். வரிசை நீளம் என்பதால் சிலர்தான் பார்க்க முடிந்தது. மற்றவர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம்.

பெரியவருக்கும் வரவேற்பு மேசைக்கும் பிள்ளைகள் எழுதும் நன்றி அட்டைகளை மொத்தமாகத் தபாலில் அனுப்பப் போகிறேன். இன்னும் தராதவர்கள் சனிக்கிழமை வகுப்புக்குக் கொண்டுவாருங்கள், தமிழில் எழுதினால் போதும், ஏழாம் நிலை மாணவி அடியில் ஆங்கிலம் எழுதித் தருவதாகச் சொல்லியிருக்கிறாள். எவர்சில்வர் தூக்கு ஒன்றும் நீலத் தண்ணீர் பாட்டில் ஒன்றும் என் வீட்டில் இருக்கின்றன, உரியவர்கள் வாங்கிக்கொள்ளலாம்.

நன்றியுடன்,
பயண ஒருங்கிணைப்பாளர்