றிமோட்டில் அழிந்துபோன பட்டன்

திருகோணமலை,
ஞாயிறு இரவு.

அன்பு மகளுக்கு,

இன்று நீயும் தம்பியும் போனில் பிடித்த சண்டையைக் குசினியில் நின்று கேட்டுவிட்டு, "கழுதை வயசாகியும் ரெண்டும் கார்ட்டூனுக்கு அடிபடுகுதுகள்" என்று அம்மா சிரித்தா. நானும் சிரித்தேன். ஆனால் ஒருவரையொருவர் கதைக்க விடாமல் நீங்கள் கதைத்த கதையில், நான் சொல்ல வந்தது தொண்டையிலேயே நின்றுவிட்டது. போனில் உங்கள் இருவருக்கும் நடுவில் நுழைவதைவிட எழுதுவது எனக்குச் சுகம்.

கறுப்பு வெள்ளைக் கட்டம் போட்ட லோகோ இருந்தவரைக்கும்தான் கார்ட்டூன் நெட்வேர்க், பிறகு வந்ததெல்லாம் குப்பை என்பது உன் கட்சி. அக்கா பார்த்ததெல்லாம் தாத்தா காலத்துப் பழைய படம், தமிழில் கதைக்கத் தொடங்கிய பிறகுதான் அது எங்கட சனல் என்பது அவன் கட்சி. கூரையில் ஏறி டிஷ் திருப்பினவன் நான். என்னை ஒருவரும் கேட்கவில்லை.

முதலில் உன் கட்சிக்கு ஒரு அடி. நீ உயிரை விடுகிற டொம் அண்ட் ஜெரி 1940இல் தொடங்கியது. அப்பப்பாவுக்கே அப்போது மீசை முளைத்திருக்காது. ஹன்னாவும் பார்பெராவும் சினிமாத் தியேட்டருக்காகச் செய்த படங்கள் அவை. ஏழு ஒஸ்கார் வாங்கின. டெட் டேர்னர் என்ற அமெரிக்கர் 1986இல் அந்தப் படங்களை எடுத்த எம்ஜிஎம் சினிமாக் கம்பனியை வாங்கி, கொஞ்ச நாளில் கம்பனியை விற்றுவிட்டுப் பழைய படங்களை மட்டும் கையில் வைத்துக்கொண்டார். பூனையும் எலியும் அந்தச் சாமானோடு வந்தவை. 1991இல் ஹன்னா பார்பெரா கம்பனியும் அவர் கைக்கு வந்தது. இவ்வளவு பழைய சாமானைக் களஞ்சியத்தில் வைத்துக்கொண்டு என்ன செய்வது? 1992 ஒக்டோபர் முதலாம் திகதி கார்ட்டூன் நெட்வேர்க் தொடங்கிற்று. ஆக, உன் பொற்காலம் என்பது புதிதாக ஒன்றும் செய்ய வசதி வராத சனல், இருந்ததைத் திருப்பித் திருப்பிப் போட்ட காலம். பழஞ்சோறு. பழஞ்சோறு ருசியில்லை என்று நான் சொல்லவில்லை.

தம்பிக்கும் ஒரு அடி உண்டு. சனல் சொந்தமாகச் சமைக்கத் தொடங்கியது தன் காலத்தில்தான் என்கிறான். டெக்ஸ்டர் கார்ட்டூன் வந்தது 1996இல், பவர்பஃப் பெட்டைகள் 1998இல். இரண்டும் உன் கட்டக் காலத்துக்குள்தான் கிடக்கின்றன. ஏழெழுத்து மேலே, ஏழெழுத்து கீழே, பதினாலு கட்டம். அந்த லோகோ 2004 வரைக்கும் இருந்தது. அந்த வருஷம்தான் அமெரிக்காவில் அதைச் சுருக்கி இரண்டே எழுத்தாக்கினார்கள். எங்களுக்கு 2004 என்றால் மார்கழி 26 சுனாமி தவிர வேறொன்றும் நினைவில் வராது. லோகோ மாறியதை இந்த ஊரில் யார் கவனித்தார்கள்?

அந்தக் காலத்தைப் பற்றி எனக்குத் தெரிந்தது வேறு விதம். நான் அதை லோகோவால் எண்ணவில்லை, டிஷ்ஷால் எண்ணினேன். உன் காலம் பெரிய டிஷ் காலம், அவன் காலம் சின்ன டிஷ் காலம். நாங்கள் பூமத்திய ரேகைக்குக் கிட்ட இருக்கிறபடியால், எங்கள் பக்கத்துச் செயற்கைக்கோள்கள் கிட்டத்தட்ட உச்சிக்கு மேலேயே நிற்கும். நீ இருக்கிற ஒஸ்லோவில் டிஷ் அடிவானத்தைப் பார்த்துக்கொண்டு சுவரில் தொங்கும். இங்கே அது ஆகாயத்தைப் பார்த்து மல்லாந்து கிடக்கும், கறிச்சட்டி மாதிரி. முதல் மாரிக்கே அதில் தண்ணீர் நிறைந்து, காகம் வந்து குளித்தது ஞாபகம் இருக்கிறதா? நடுவில் ஒரு ஓட்டை போட்டு விட்டேன். அந்த ஓட்டைக்காக நீ அழுதாய், படம் அதால் ஒழுகிவிடும் என்று.

பெரிய டிஷ்ஷுக்கு மழை பெரிய பொருட்டில்லை. படம் கெட்டாலும் மீன் செதில் தெறித்த மாதிரிப் புள்ளி புள்ளியாக வருமே தவிர முழுக்க நிற்காது. புள்ளிகளுக்குள்ளாலேயே நீங்கள் பார்த்துச் சிரித்தீர்கள். பிறகு வந்த சின்ன டிஷ் அப்படியில்லை. வந்தால் கண்ணாடி மாதிரி வரும். சீனக்குடாப் பக்கம் கறுத்துக்கொண்டு வந்தாலே சதுரம் சதுரமாக உறைந்து நின்றுவிடும். தம்பிக்குப் பாதிக் கதைதான் தெரியும் என்று நீ பகிடி பண்ணுவாயே, அதற்குக் காரணம் மாரி.

அந்த நாளில் கூரையில் ஏறுவதும் லேசான வேலையில்லை. ஆள் வயரோடு கூரையில் நின்றால் சந்தியில் காவல் நிற்பவர் விசில் அடித்துக் கூப்பிடுவார். ஒருமுறை கைகளைத் தூக்கிக்கொண்டு இறங்கிப் போய், "கார்ட்டூன் பலண்ட, மாத்தயா, லமய்ன்ட்ட" என்றேன். பிள்ளைகள் கார்ட்டூன் பார்க்க என்று. அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். படம் வடிவாய் விழுகுதா என்று கேட்டார். பிறகு போகச் சொன்னார்.

அந்தச் சிங்களத்தை நான் எங்கே படித்தேன் என்று உனக்குச் சொல்லியிருக்கிறேனா? ஒரு முயலிடம். ரூபவாஹினி என்ற அரச ரீவி 1982இல் வந்தபோது நான் றேடியோ திருத்துகிற கடையில் எடுபிடி. தைட்டஸ் தொட்டவத்த என்ற மனிதர் ரூபவாஹினியில் இருந்து வெளிநாட்டுக் கார்ட்டூன்களுக்குச் சிங்களக் குரல் போடுவித்தார். பக்ஸ் பனி முயல் 'ஹா ஹா ஹரி ஹாவா' ஆனது, ரொப் கெட் பூனை 'பிஸ்ஸு பூஸா' ஆனது. வெறும் மொழிபெயர்ப்பு இல்லை அது. அந்தப் பூனை கொழும்பில் ஏதோ ஒரு சந்தியில் பிறந்து வளர்ந்த மாதிரிக் கதைக்கும். திருத்த வந்த ரீவியைச் சரி பார்க்கிற சாட்டில் நானும் முதலாளியும் நின்று பார்ப்போம். எனக்கு அரைவாசிதான் விளங்கும். விளங்காத அரைவாசியை அடுத்த நாள் பேக்கரிக்காரரிடம் கேட்பேன். தமிழிலும் ஒருவர் இப்படிச் செய்யமாட்டாரா என்று அப்போது ஏங்கியது உண்மை. அதனால்தான் தம்பி தன் கட்சியைச் சொல்லும்போது என்னால் அவனை முழுக்க மறுக்க முடிவதில்லை.

சரி, இனி நான் சொல்ல வந்ததற்கு வருகிறேன்.

1998, 99இல் எங்கள் ஹோலில் யார் யார் இருந்தார்கள் என்று எண்ணிப் பார். நீ. சாய்மனைக் கதிரையில் அம்மம்மா. தையல்கடை நானாவின் இரண்டு பெடியள், சுவரோடு ஒட்டிக்கொண்டு. பின்வளவு வேலியில் இருந்த ஓட்டையால் வருகிற, தபால்கந்தோர் மாத்தயாவின் மகன். அவனுக்குத் தமிழ் ஒரு சொல் தெரியாது. அம்மம்மாவுக்குச் சிங்களமும் தெரியாது, இங்கிலிசும் தெரியாது. நானாவின் பெடியளுக்கு எல்லாம் கொஞ்சம் கொஞ்சம். அந்தப் பூனை எலியில் பேச்சு இல்லையென்றே சொல்லலாம். பூனையின் வாலில் பொறி விழும், ஐந்து பேரும் ஒரே நேரத்தில் சிரிப்பீர்கள். அம்மம்மா ஒவ்வொரு முறையும் "ஐயோ பாவம் அது" என்பா. அந்தப் பெடியன் அந்த மூன்று சொல்லைப் பாடமாக்கி வைத்திருந்தான். பூனை அடி வாங்கினால் அம்மம்மாவுக்கு முந்தி அவன் சொல்லுவான், "ஐயோ பாவம் அது".

இரவானால் கார்ட்டூன் நின்று, அதே சனலில் பழைய ஆங்கிலப் படம் தொடங்கும். முதலில் ஒரு சிங்கம் வந்து கர்ஜிக்கும். அதுவும் டேர்னரின் அதே களஞ்சியத்துச் சாமான்தான். சிங்கம் கத்தினால் பெடியள் எழும்பி வீட்டுக்குப் போகவேண்டும் என்பது அம்மா போட்ட சட்டம். பாதை சரியில்லாத நாட்களில் சிங்கம் கத்த முந்தியே அனுப்பிவிடுவோம்.

பேச்சு இல்லாத படம்தான் உயர்ந்தது என்று நான் சொல்கிறதாக நினைக்காதே. காசு இல்லாத இடத்தில் வந்த கெட்டித்தனமும் எனக்குப் பிடிக்கும். எம்ஜிஎம் 1957இல் கார்ட்டூன் பகுதியை மூடியதும், ஹன்னாவும் பார்பெராவும் ரீவிக்குக் குறைந்த செலவில் படம் செய்யப் போனார்கள். யோகி கரடிக்கு ஏன் கொலரும் டையும் என்று ஒருநாள் நீ கேட்டாய். உடம்பை அப்படியே விட்டுவிட்டுத் தலையை மட்டும் திரும்ப வரைந்தால் போதும். ஒட்டு கொலருக்குள் மறைந்துவிடும். அதை வாசித்த அன்று, பழைய ரீவிப் பெட்டிக்குள் புதுச் சாமான் வைத்துத் திருத்திக் கொடுக்கிற எனக்கு அவர்கள் சொந்தக்காரர் மாதிரிப்பட்டார்கள்.

2001 கடைசியில் புது றிசீவர் வாங்கினோம். டிஜிற்றல். இந்தியாவுக்கு வருகிற கார்ட்டூன் நெட்வேர்க் இரவு பகலாக ஓடத் தொடங்கியதும் அந்த வருஷம்தான், சிங்கம் போய்விட்டது. அந்த றிசீவரின் றிமோட்டில் 'ஓடியோ' என்று ஒரு பட்டன். ஒருக்கால் அமத்தினால் இங்கிலிசு, இன்னொருக்கால் ஹிந்தி, இன்னொருக்கால் தமிழ். படம் அதேதான், வாய் அசைவது அதேதான், குரல் மட்டும் மாறும். முதல் நாள் அதைத் தமிழில் விட்டபோது அம்மம்மா கதிரையில் நிமிர்ந்து இருந்தா. "இது எனக்கும் விளங்குது" என்றா. அதற்குப் பிறகு அந்த றிமோட் அவவின் மடியை விட்டு இறங்கவில்லை.

அடுத்தடுத்த நாளோ என்னவோ, தபால்கந்தோர்ப் பெடியன் வந்தான். வழக்கம்போலச் செருப்பைப் படியில் கழற்றிவிட்டு வாசலில் நின்றான். ரீவியில் ஏதோ ஒரு நாய் தமிழில் கதைத்துக்கொண்டிருந்தது. நானாவின் பெடியள் விழுந்து விழுந்து சிரித்தார்கள், நீயும் சிரித்தாய். அவன் உங்கள் முகங்களைப் பார்த்தான், ரீவியைப் பார்த்தான், திரும்ப உங்கள் முகங்களைப் பார்த்தான். ஒருமுறை, நீங்கள் சிரித்து முடித்த பிறகு, தானும் சிரித்தான். உள்ளே வரவில்லை. கொஞ்ச நேரத்தில் செருப்பை மாட்டுகிற சத்தம் கேட்டது.

நான் அதே அறையில், மேசையில் ஒரு பெட்டியைக் கழற்றி வைத்துக்கொண்டு இருந்தேன். எழும்பி அந்தப் பட்டனை ஒருக்கால் அமத்தியிருக்கலாம். இங்கிலிசு என்றால் எல்லாருக்கும் ஒரேயளவு விளங்காது, அது நியாயமாய் இருந்திருக்கும். ஆனால் அம்மம்மாவின் முகத்தைப் பார்த்தேன், அமத்த மனம் வரவில்லை. அதற்குப் பிறகும் அவன் வந்தான், இல்லையென்று சொல்லவில்லை, ஆனால் குறைந்துவிட்டது. அடுத்த வருஷம் அவன் தகப்பனுக்கு மாற்றலாகிக் குருநாகல் பக்கம் போய்விட்டார்கள். யாரும் யாரோடும் கோபிக்கவில்லை. வேலி ஓட்டையை அடைக்கவும் யாருக்கும் தோன்றவில்லை. பிறகு கோழிகள் அதைப் பாவித்தன.

தம்பியின் காலம் இதற்குப் பிறகுதான். 2007இல் சுட்டி ரீவி என்ற தமிழ்க் கார்ட்டூன் சனல் வந்தபோது அவனுக்கு ஏழு வயது. டோராவும் ஜக்கி சானும் சென்னைத் தமிழில் கதைத்தார்கள், அவனும் கதைத்தான். "என்னடா பண்றே?" என்று என்னைக் கேட்டான், பெற்ற தகப்பனை. "செய்யிறியள் எண்டு சொல்லடா" என்று அம்மா அகப்பையோடு வந்தா. எங்கட சனல் என்று அவன் சொல்கிறபோதெல்லாம் எனக்கு அந்த அகப்பைதான் ஞாபகம் வரும். இருந்தாலும் அம்மம்மா கடைசி இரண்டு வருஷமும் அவனோடு இருந்து பார்த்து, கதை விளங்கிச் சிரித்தா. அதை அவன் உன்னிடம் சொல்லத் தெரியாமல்தான் லோகோ, சனல் என்று சண்டை பிடிக்கிறான் என்று நினைக்கிறேன். நீ அப்போது கொழும்பில் படித்துக்கொண்டிருந்தாய், பார்த்திருக்கமாட்டாய்.

போன கிழமை பழைய சாமான் பெட்டியைக் கிளறியபோது அந்த றிமோட் அகப்பட்டது. பற்றரி ஊறிப் பச்சை பிடித்துக் கிடக்கிறது. எல்லாப் பட்டனிலும் எழுத்து இருக்கிறது, ஒன்றில் மட்டும் இல்லை. அம்மம்மாவின் பெருவிரல் தேய்த்து வழுவழுவென்று ஆகிவிட்டது. எறிய மனமில்லாமல் துடைத்து அலுமாரியில் வைத்திருக்கிறேன்.

அம்மா மிளகாய்த்தூளும் கருவாடும் கட்டி வைத்திருக்கிறா, வருகிற ஆளிடம் கொடுத்து விடுவோம். தம்பிக்கும் நீயே ஒருக்கால் எடுத்துக் கதை, அவன் முந்திக்கொண்டு எடுக்கமாட்டான்.

ஒன்று மட்டும் கேட்கவேண்டும். அன்றைக்கு அந்தப் பெடியன் வாசலில் நின்றதை நீயும் பார்த்தாயா? நாய் என்ன சொன்னது என்று அவன் உன்னைக் கேட்ட மாதிரியும், நீ ரீவியில் இருந்து கண்ணை எடுக்காமல் கையைக் காட்டின மாதிரியும் எனக்கு ஒரு ஞாபகம். இல்லையென்றால் இத்தனை வருஷமாக நானே சேர்த்துக்கொண்டதோ தெரியாது. அடுத்த ஞாயிறு எடுக்கும்போது சொல்லு.

அன்புடன்,
அப்பா