ஏழு ஊரை நாலாக்கு, கண்ணு

கண்ணு,

நீ போட்டு அனுப்பிய அட்டவணையைப் பார்த்தேன். பத்து நாளில் ஏழு ஊர், பாரிஸ், ஆம்ஸ்டர்டாம், பிராக் எல்லாம் ஒரே மூச்சில், நடுவில் எட்டு நிமிடத்தில் அடுத்த வண்டியைப் பிடிக்க வேண்டுமாம். அப்பாவின் முழங்காலுக்கு எட்டு நிமிடத்தில் படியே ஏறி முடியாது. அதுவும் ஜெர்மனியில்! 2024-இல் அங்கே தொலைதூர வண்டிகளில் 62.5 சதவீதம்தான் நேரத்துக்கு வந்திருக்கின்றன, அதிலும் ஆறு நிமிடத்துக்குள் தாமதமென்றால் அதையும் நேரத்துக்கு வந்ததாகவே எழுதிக்கொள்கிறார்கள். ரிசர்வேஷன் கவுண்டரிலேயே காலம் தள்ளியவளிடம் இப்படி ஒரு கனெக்‌ஷனைக் காட்டலாமா?

வடக்கே இருக்கிற ஊரெல்லாம் இந்தத் தடவை வேண்டாம். மியூனிக்கில் கிளம்பி சூரிக், அங்கிருந்து ஆல்ப்ஸைத் தாண்டி இத்தாலி, வெனிஸ், அப்புறம் வியன்னா, திரும்ப மியூனிக். நாலு நாடு ஆகிவிட்டது, போன வழியிலேயே திரும்பவும் வேண்டாம். எந்த ஊரிலும் இரண்டு ராத்திரிக்குக் குறையாமல் தங்கலாம். ஊர் பார்க்கிறது உனக்கு முக்கியம், தெரியும். எங்களுக்கு ஜன்னலோர சீட்டு கிடைத்தால் பாதி ஊர் பார்த்த மாதிரி.

மியூனிக்–சூரிக் வண்டி ஆஸ்திரியாவின் ஒரு மூலையைத் தொட்டுக்கொண்டு பிரேகென்ஸ் வழியாகப் போகிறது. சூரிக்குக்குக் கொஞ்சம் முன்னால் விண்டர்தூரில் நிற்கும். மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டிக்கு நம்மை இழுத்துப் போன பழைய எக்ஸ் வகை நீராவி எஞ்சின்களைச் செய்தது அந்த ஊர்த் தொழிற்சாலைதான். இதைச் சொன்னதிலிருந்து அப்பா விண்டர்தூரில் இறங்கியே ஆகவேண்டும் என்கிறார். இறங்க வேண்டாம், பிளாட்பாரத்தை எட்டிப் பார்த்துக்கொள்ளட்டும்.

அடுத்து சுவிட்சர்லாந்தின் கூர் ஊரிலிருந்து இத்தாலியின் திரானோவுக்குப் போகும் வழியில் வரும் பெர்னினா மலைப்பாதை. இந்தப் பயணத்துக்கே இதுதான் காரணம் என்று வைத்துக்கொள். ஊட்டிப் பாதையில் 12.28 அடிக்கு ஓர் அடி ஏற்றம், அதனால் கல்லாறு தாண்டியதும் பல்சக்கரம் தேவைப்படுகிறது. பெர்னினாவில் 14 அடிக்கு ஓர் அடி, ஆனால் பல்சக்கரமே கிடையாது, சாதாரணத் தண்டவாளத்திலேயே 2,253 மீட்டர் உயரத்துக்கு ஏறிவிட்டு அந்தப் பக்கம் இறங்குகிறது. இறங்கும்போது புருசியோவில் ஒரு கல்பாலத்தில் வட்டமடித்துத் தன் காலடியிலேயே நுழைந்து போகும். நீ பெர்னினா எக்ஸ்பிரஸ் என்று எழுதியிருக்கிறாய், அது பெரிய கண்ணாடி வைத்த சுற்றுலா வண்டி, பல நாடுகளுக்கும் செல்லுகிற ரயில் பாஸ் இருந்தாலும் சீட்டுக்குத் தனியாகக் கட்டணம், ஜன்னலும் திறக்காது. அதே தண்டவாளத்தில் உள்ளூர் வண்டியும் ஓடுகிறது. முன்பதிவு வேண்டாம், பல பெட்டிகளில் ஜன்னலை இறக்கலாம், நடுவில் பிடித்த இடத்தில் இறங்கி அடுத்த வண்டியில் ஏறலாம். எனக்கு அதுதான் வேண்டும்.

வெனிஸிலிருந்து வியன்னாவுக்கு நீ இரவு வண்டி போட்டிருக்கிறாய், ஒரு ராத்திரி ஹோட்டல் காசு மிச்சம் என்று. மிச்சம்தான். ஆனால் செம்மரிங் மலைப்பாதை இருட்டில் போய்விடுமே கண்ணு. 1854-இல் கட்டி முடித்த பாதை, கார்ல் கேகா என்ற பொறியாளர் போட்டது, டைனமைட் வருவதற்கு முன்னாலேயே குடைந்த சுரங்கங்கள். பகல் வண்டியே போடு.

வெனிஸில் இரண்டு ஸ்டேஷன் இருக்கிறது. மெஸ்த்ரே கரையிலேயே நின்றுவிடுகிறது, சாந்தா லூசியாதான் தீவுக்குள். மெஸ்த்ரேயில் அறை மலிவு, ஆனால் தினமும் போக வர வேண்டும். சாந்தா லூசியா பக்கமே பார். ஒன்று மட்டும், அந்த ஊரில் பாலத்துக்குப் பாலம் படிக்கட்டு, ஆளுக்கு ஒரு சின்னப் பெட்டிக்கு மேல் எடுக்கப் போவதில்லை.

பாஸ் விஷயத்தில் அவசரப்படாதே. ஐரோப்பாவில் குடியிருப்பவர்களுக்கு இன்டர்ரெயில் பாஸ், வெளியிலிருந்து வருபவர்களுக்கு யூரெயில் பாஸ், அதனால் உனக்கும் எங்களுக்கும் வேறு வேறு. உன்னுடையது ஜெர்மனிக்குள் இரண்டு நாள்தான் செல்லும், நாட்டை விட்டு வெளியே போக ஒரு நாள், திரும்பி வர ஒரு நாள், அவ்வளவுதான். எங்களுக்கு அறுபது தாண்டிவிட்டதால் பத்து சதவீதம் தள்ளுபடி உண்டு. ஆனாலும் திரானோவிலிருந்து மிலான் போய் அங்கே பிடிக்கிற மிலான்–வெனிஸ் வேகவண்டிக்குத் தனியாக முன்பதிவுக் காசு கட்ட வேண்டும். நம் ஊரில் அறுபது நாளைக்கு முன்னால் எடுத்தாலும் முந்தாநாள் எடுத்தாலும் பெரும்பாலான வண்டிகளில் ஒரே கட்டணம், தட்கால் தவிர. அங்கே நாள் நெருங்க நெருங்க ஏறிக்கொண்டே போகிறது. சீக்கிரமே எடுத்தால் தனித்தனி டிக்கெட்டே மலிவாக வரலாம், இரண்டையும் கூட்டிப் பார்த்துவிட்டுச் சொல்.

விசாவுக்கு எந்த நாட்டில் அதிக நாள் தங்குகிறோமோ அங்கேதான் விண்ணப்பிக்க வேண்டும். உன் வீட்டில் தங்குகிற நாட்களையும் சேர்த்தால் ஜெர்மனிதான், அழைப்புக் கடிதம் தயார் செய். காப்பீடு முப்பதாயிரம் யூரோவுக்குக் குறையக் கூடாது, அதை இங்கேயே எடுத்துவிடுகிறேன். ஜூன் மாதம் வைத்துக்கொள்ளலாம், பெர்னினாவின் உச்சியில் கொஞ்சம் பனி மிச்சம் இருக்கும். ஆகஸ்டில் இத்தாலி வேகும், செப்டம்பர் பாதிக்கு மேல் உன் ஊரில் பீர் திருவிழாக் கூட்டம்.

நீ கேட்ட ஊத்துக்குளி நெய் கொண்டுவர முடியாது, பால் பொருள் எதுவும் ஐரோப்பாவுக்குள் எடுத்துவரக் கூடாதாம். பருப்புப் பொடியும் முறுக்கும் வரும்.

அப்பாவின் பாஸ்போர்ட் இந்த வருடம் முடிகிறது. அங்கிருந்து கிளம்பும் நாளுக்கு அப்புறமும் மூன்று மாதமாவது அது செல்லுபடியாக வேண்டும் என்பதால் புதுப்பிக்கக் கொடுத்திருக்கிறோம். புது எண் வந்ததும் அனுப்புகிறேன், அதுவரை காசு திரும்ப வராத டிக்கெட் எதையும் போட்டுவிடாதே.

அம்மா