தட்டில் பெயர் உண்டு, ஆள் இல்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் வந்த ஹிப் ஹாப் கட்டுரையை ஆவலோடு படித்தேன். ஏழைத் தெருக்களின் துயரத்தைச் சொல்லும் ‘தி மெசேஜ்’ பாட்டைப் புகழ்ந்ததில் எனக்கு மாற்றுக்கருத்து இல்லை. ஆனால் அதைப் பாடிய நியூயார்க் குழுவான கிராண்ட்மாஸ்டர் ஃபிளாஷ் அண்ட் தி ஃப்யூரியஸ் ஃபைவின் (இசைத்தட்டுகளைச் சுழற்றும் டீஜே ஃபிளாஷ், ராப் பாடும் ஐந்து பேர்) கதையே அந்தப் பாட்டு வந்த 1982இல்தான் தொடங்குகிறது என்பதுபோல எழுதியிருப்பதும், அந்தப் பாட்டை ‘ஃபிளாஷின் படைப்பு’ என்றிருப்பதும் உறுத்தின.

அந்தப் பாட்டில் ஃபிளாஷின் கைவேலை எதுவும் கிடையாது. பெரும்பகுதியை எழுதியவர் சுகர் ஹில் இசைத்தட்டுக் கம்பெனியின் ஸ்டூடியோக் கலைஞர் டியூக் பூட்டி. குழுவிலிருந்து அவரோடு சேர்ந்து எழுதிப் பாடியவர் மெலி மெல் ஒருவர்தான். மற்றவர்கள் குரல் காட்டுவது கடைசியில், போலீஸ் வந்து பிடித்துப்போகும் தெருப் பேச்சில் மட்டும். வீடியோவில் டியூக் பூட்டியின் வரிகளுக்கு வாயசைத்திருப்பவர் ஐவரில் இன்னொருவரான ரஹீம்! இத்தனைக்கும், அந்தப் பாட்டைப் பதிவு செய்யவே குழு முதலில் தயங்கியது. ஆட்டம் போட வருகிற கூட்டம் இந்தச் சோகத்தைக் கேட்குமா என்ற பயம்.

குழுவை முழுசாகக் கேட்க வேண்டுமானால் 1979க்குப் போக வேண்டும். நியூயார்க்கின் ஹார்லெம் பகுதியில் இசைத்தட்டுக் கடை வைத்திருந்த பாபி ராபின்சன் தமது என்ஜாய் கம்பெனி மூலம் வெளியிட்ட இவர்களின் ‘சூப்பர்ராப்பின்’ பாட்டு ஏறக்குறைய 12 நிமிடம் ஓடும். ஒருவர் தொடங்கிய வரியை அடுத்தவர் பாதியில் பிடுங்கிக்கொள்வார். ஐந்து பேரும் சேர்ந்து ஒரு சொல்லில் வந்து விழுவார்கள். நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதிப் பூங்காக்களிலும் சிறு மன்றங்களிலும் இரவிரவாகப் பாடிப் பழகிய வாய்கள் என்பது கேட்கும்போதே தெரியும். கேளிக்கைப் பாட்டுக்காரர்கள் 1982இல் திடீரென்று சமூகம் பேசத் தொடங்கினார்கள் என்கிறது கட்டுரை. ஆனால் ‘தி மெசேஜ்’ பாட்டின் உச்சமான அந்தக் கடைசிச் சரணத்தை, பிறந்த குழந்தை சிறையில் போய் முடிகிற கதையை, மெலி மெல் மூன்று ஆண்டுகளுக்கு முன்பே ‘சூப்பர்ராப்பின்’ கும்மாளத்தின் நடுவில் பாடிவிட்டார். அப்போது யாரும் கவனிக்கவில்லை, அவ்வளவுதான்.

அந்தத் தட்டிலும் ஃபிளாஷ் இல்லை என்பதுதான் எனக்குத் தீராத ஆதங்கம். தாளம் ஸ்டூடியோக் கலைஞர்கள் வாசித்தது. ஒரே தட்டின் இரண்டு பிரதிகளை வைத்து, மெழுகுக் குச்சியால் குறி போட்டு, ஒன்று ஓடும்போதே மற்றதைப் பின்னுக்குச் சுற்றி, பத்து விநாடித் தாளத்தைப் பத்து நிமிடம் நீட்டுகிற வித்தையால்தான் அவர் பெயரெடுத்தார். ஸ்டூடியோவுக்குள் போனதும் பாடுகிறவர்கள் இருந்தால் போதும் என்றாகிவிட்டது. சில்வியா ராபின்சனின் சுகர் ஹில்லுக்கு மாறி 1980இல் ‘ஃப்ரீடம்’ பாடியபோதும் அதே கதைதான்.

1981இல் ஒரே ஒரு முறை கதவு திறந்தது. ‘தி அட்வென்சர்ஸ் ஆஃப் கிராண்ட்மாஸ்டர் ஃபிளாஷ் ஆன் தி வீல்ஸ் ஆஃப் ஸ்டீல்’ என்ற நீளமான பெயருடைய தட்டு. மூன்று டர்ன்டேபிள்கள் (இசைத்தட்டு சுழற்றும் கருவிகள்), ஷிக் குழுவின் ‘குட் டைம்ஸ்’, குயீன் குழுவின் ‘அனதர் ஒன் பைட்ஸ் தி டஸ்ட்’, ஃபிளாஷின் பெயரையே சொல்லிப் பாடும் பிளாண்டி குழுவின் ‘ராப்ச்சர்’ என்று ஒன்றுக்குள் ஒன்று நுழைகிற சுமார் ஏழு நிமிடங்கள். பதிவை வெட்டி ஒட்டும் வேலை கிடையாது; கை தவறினால் முதலிலிருந்து. ஊசி உராயும் சத்தம்கூட அதில் இசைதான்.

கட்டுரையோடு தந்திருந்த ‘கேட்க வேண்டியவை’ பெட்டியில் 1979ஆம் ஆண்டுத் தட்டுக்கும் இதற்கும் இடமில்லை. அடுத்த இதழில் இரண்டு பெயரையும் சேர்த்து ஒரு வரி போட முடியுமா?

அன்புடன்,
ஒரு வாசகன்,
பாளையங்கோட்டை