பிரியாணிக் கடைகளை எண்ணியவருக்கு

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். "அரசின் நிவாரணத்தால் உணவகங்கள் பழையபடி எழுந்துவிட்டன, தெருவுக்கு ஒரு பிரியாணிக் கடையே சாட்சி" என்று, கொரோனாவுக்குப் பிந்தைய உணவகங்களைப் பற்றிய சென்ற இதழ்க் கட்டுரையில் படித்தேன். எங்கள் தெருமுனையில் ஒரே ஷட்டருக்கு மேல் மூன்று ஆண்டுகளில் நான்கு பெயர்ப்பலகைகள் மாறின. கட்டுரையாளர் கணக்கில் அது நான்கு கடையோ என்னவோ.

திருப்பூரில் பனியன் கம்பெனிகளுக்கு நடுவே மெஸ் நடத்துகிறேன். இங்கே வாரக்கூலி; சனிக்கிழமை சம்பளம் வாங்கியதும் வந்து பற்றைத் தீர்ப்பார்கள். 2020 மார்ச் 21 சனிக்கிழமை வரை என் பற்று நோட்டு நேராக இருக்கிறது. அதன்பிறகு திங்கள், செவ்வாய் சாப்பாடு மட்டும் எழுதியிருக்கிறது. செவ்வாய் இரவு ஊரடங்கு. சாப்பிட்டவர்களில் பாதிப்பேர் ஒடிசாவுக்கும் பீகாருக்கும் போய்விட்டார்கள். அவர்களிடம் அந்தக் காசைக் கேட்க எனக்கு வாய் வராது. ஜூன் 8-க்குப் பிறகு கடையைத் திறந்தால் தோசைக்கல்லில் துரு. வெங்காயத்தை எண்ணெயில் தோய்த்துத் தேய்த்து, கல்லைப் பழக்கவே மூன்று நாள் ஆயிற்று. பாதி இருக்கைக்குத்தான் அனுமதி. வாடகை மட்டும் பாதியாகவில்லை.

மறு ஆண்டு மே மாதம் மறுபடியும் பார்சல் மட்டும், அதுவும் குறித்த நேரத்தில். ஜூனில் மற்ற மாவட்டங்களுக்குத் தளர்வு வந்தபோதும் கோவை, திருப்பூர், ஈரோடு, சேலம் உள்ளிட்ட 11 மாவட்டங்கள் காத்துக் கிடந்தன. அப்போது எங்களைப் பற்றி ஒரு வரி எழுத யாருக்கும் தோன்றவில்லை.

கட்டுரை நிவாரணம் என்று சொல்வது அவசரக் கடன் உத்தரவாதத் திட்டத்தை. தாங்கள் அறியாததல்ல, அந்த உத்தரவாதம் வங்கிக்கு; நாங்கள் கட்டாவிட்டால் அரசு வங்கிக்குக் கொடுக்கும். எனக்குக் கிடைத்தது கடன்; தவணை 2027-இல்தான் முடியும். அதுவும், 2020 பிப்ரவரி 29 அன்று வங்கியில் கடன் நிலுவை வைத்திருந்தவர்களுக்குத்தான். எங்கள் தொழிலுக்கு அந்த நிலுவையில் 40 சதவீதம் வரை. பெருந்துறையில் கடை வைத்திருந்த என் மச்சான் கடனே வாங்காத மனிதர். "உங்களுக்குப் பழைய கடன் இல்லையே" என்று வங்கியில் திருப்பி அனுப்பிவிட்டார்கள். இப்போது ஒரு மில்லில் கேண்டீன் பார்க்கிறார்.

அமெரிக்காவில் 2021 மார்ச்சில் சட்டம் போட்டு, உணவகங்களுக்கென்றே 2,860 கோடி டாலர் ஒதுக்கினார்கள். முறையாகச் செலவழித்தால் திருப்பித் தர வேண்டியதில்லை. விண்ணப்பித்தவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்குத்தான் கிடைத்தது, கூடுதல் நிதி கேட்ட மசோதாவும் 2022 மே மாதம் செனட்டில் நின்றுபோனது. ஆனாலும் கொடுத்ததற்குப் பெயர் மானியம்.

இங்கே நோய் வருவதற்கு முன்பே ஆரம்பித்த கதை இது. 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்தபோது, ஏசி இருந்தால் 18 சதவீதம், இல்லாவிட்டால் 12 என்றார்கள். நவம்பரில் 5 சதவீதமாக்கிவிட்டு, உள்ளீட்டு வரி வரவை, அதாவது கடைக்கு வாங்கும் பொருளுக்குக் கட்டிய வரியைக் கழித்துக்கொள்ளும் வசதியை, எடுத்துக்கொண்டார்கள். வணிகச் சிலிண்டருக்கு 18 சதவீத ஜிஎஸ்டி கட்டுகிறேன்; அதில் ஒரு ரூபாய் கழிக்க முடியாது. 2021 நவம்பரில் அந்தச் சிலிண்டர் 2,000 ரூபாயைத் தாண்டியபோது நான் இட்லிக்கு ஒரு ரூபாய் ஏற்றினேன். கொள்ளைக்காரன் என்றார்கள்.

பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை. அடுத்த இதழில் எங்காவது ஓர் ஓரத்தில், அந்த வாக்கியத்திலுள்ள 'நிவாரணத்தால்' என்பதைக் 'கடனால்' என்று திருத்தி வெளியிட்டால் போதும்.

இப்படிக்கு,
ஒரு மெஸ்காரர்,
திருப்பூர்