கலப்பு முயல்: இணை சேர்ப்போர் கவனத்துக்கு

நியூசிலாந்து வெள்ளை இனப் பெண் முயலுக்கு சோவியத் சின்சில்லா இன ஆண் பொருந்தும். சிறிய நாட்டு இனப் பெண்ணுக்கு வெள்ளை ஜெயன்ட் என்ற பெரிய இன ஆண் வேண்டாம். குட்டி பெருத்து ஈனும்போது சிக்கும்.

பெண்ணைத்தான் ஆணின் கூண்டில் விட வேண்டும். மாற்றி விட்டால் பெண் தன் இடமென்று ஆணைக் கடித்துக் குதறும். சேர்ந்ததும் ஆண் பக்கவாட்டில் சாய்ந்து விழும், அதுதான் அடையாளம். 12 நாள் கழித்து பெண்ணின் அடிவயிற்றை மெல்லத் தடவினால் கரு கோலிக்குண்டு போல் தட்டுப்படும் (புழுக்கையும் அப்படித்தான் இருக்கும், ஏமாறாதீர்கள்). சேர்ந்த 28ஆம் நாள், குட்டி ஈன வைக்கோல் பரப்பிய பெட்டி வையுங்கள். தேங்காய் நார் வேண்டாம், குட்டியின் காலில் சுற்றிக்கொள்ளும்.

சித்திரை வெயிலில் சினை நிற்காவிட்டால் பெண்ணைக் கழிக்க அவசரப்படாதீர்கள். பெரும்பாலும் ஆணின் விந்துதான் சூட்டில் கெட்டிருக்கும்.

கலப்புக் குட்டிகள் இறைச்சிக்கு மட்டும். அவற்றையே இணை சேர்த்தால் அடுத்த ஈற்றில் எடை சீராக வராது.