தட்டை அடி வாணலி

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். பிழைக்கப் போன நாட்டில் உணவகம் வைத்து ஜெயித்தவர்களைப் பற்றிய உங்கள் கட்டுரையைப் படித்தேன். ஆளுக்கு ஒரு பத்தி, எல்லாருக்கும் ஒரே காரணம்: கடும் உழைப்பு. உழைக்காமல் யார் ஹோட்டல் நடத்த முடியும்? நஷ்டப்பட்டு ஷட்டரை இழுத்து மூடியவர்களும் விடியற்காலையில் எழுந்து வெங்காயம் நறுக்கியவர்கள்தானே?

ஜாய்ஸ் சென்னுக்கு நீங்கள் ஒதுக்கியது நாலே வரி. சீனாவிலிருந்து 1949இல் கணவர், குழந்தைகளோடு அமெரிக்காவின் கேம்பிரிட்ஜ் நகரில் குடியேறியவர் அவர். பள்ளி விழா ஒன்றில் விற்பதற்கு எக் ரோல் என்ற சுருட்டிப் பொரித்த சீனப் பலகாரம் செய்து கொடுத்தார். திரும்பப் போய்ப் பார்த்தால் மேசையில் ஒன்றுகூட இல்லை. பிடிக்காமல் எடுத்து ஒளித்து வைத்துவிட்டார்கள் என்று நினைத்தாராம். பார்த்தால், அத்தனையும் விற்றுப் போயிருந்தது!

1958இல் அதே ஊரில் உணவகம் திறந்தார். மெனுவில் ஒவ்வொரு பதார்த்தத்துக்கும் எண் போட்டார். சீனப் பெயர் வாயில் நுழையாதவர் எண்ணைச் சொன்னால் போதும். ஆங்கிலம் தடுமாறும் பணியாளருக்கும் அது வசதி. பூரணம் வைத்த சீனக் கொழுக்கட்டைக்கு 'பீகிங் ரவியோலி' என்று பெயர் வைத்தார். ரவியோலி என்பது இத்தாலியர்களின் பூரணம் வைத்த உணவு. பக்கத்து பாஸ்டனில் இத்தாலியர் அதிகம், ரவியோலி என்றால் எல்லாருக்கும் புரியும். கூட்டம் குறையும் செவ்வாய், புதன் இரவுகளுக்கு பஃபே. சமையல் புத்தகத்தில் வண்ணப் படங்கள் போடப் பதிப்பாளர் மறுத்ததும் தானே அச்சடித்தார். 1966இல் தொலைக்காட்சிக்கும் வந்துவிட்டார்.

எனக்கு மிகவும் பிடித்தது அவருடைய வாணலிதான். வோக் என்கிற சீனத்து வாணலிக்கு உருண்டை அடி. அதற்கென்று குழி வைத்த விறகடுப்பில் கச்சிதமாக உட்காரும். அமெரிக்க வீடுகளின் மின்சார அடுப்பில் ஆடும். எங்கள் வீட்டு இண்டக்‌ஷன் அடுப்பில் மாமியாரின் பழைய இரும்புச் சட்டி படும் பாட்டைப் பார்ப்பவள் என்பதால் எனக்கு இது நன்றாகவே புரிகிறது. அடுப்பை மாற்று என்று ஜாய்ஸ் சென் யாரிடமும் சொல்லவில்லை. சட்டியின் அடியைத் தட்டையாக்கி, அதற்குக் காப்புரிமையும் வாங்கினார். அப்புறம் பாட்டிலில் சாஸ் விற்றார்.

இதையெல்லாம் 'விடாமுயற்சி' என்ற ஒரே சொல்லில் அடைத்துவிட்டீர்களே! அவர் மறைந்து 20 ஆண்டு கழித்து, 2014இல், அமெரிக்க அஞ்சல் துறை அவருக்குத் தபால்தலை வெளியிட்டது. நீங்கள் ஒரு முழுப் பக்கமாவது கொடுங்கள். வாணலியின் படத்தோடு.

இப்படிக்கு,
ஒரு வாசகி